தஞ்சாவூரில் வேலை, திருவையாற்றில் குடித்தனம்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூருக்கு மாற்றலாகி வருபவர்கள் பலர் திருவையாற்றை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கேயே வீடு எடுத்தால் என்ன என்று யோசிக்கிறார்கள். பதின்மூன்று கிலோமீட்டர்தான். காவிரிக் கரை, பெரிய கோயில் வீதிகள், இசைக் கல்லூரி, திண்ணை வைத்த வீடுகள். வாடகையும் நகரத்தை விடக் குறைவு. நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பழைய கோயில் ஊரில் வீடு எடுப்பதும் நகரத்தில் அடுக்குமாடி வீடு எடுப்பதும் ஒன்றல்ல. இங்கே வீட்டை விட, அது நிற்கிற மண் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. அதைச் சொல்ல எனக்கு ஆளில்லாமல் நிறைய அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் வீடு மாற மாட்டார்கள். வீட்டுக்காரர் சாவி தரத் தயாராக இருந்தாலும், பால் காய்ச்ச விடமாட்டார். வீடு காலியாகும் பருவம் பள்ளித் தேர்வுகள் முடிந்த சித்திரை, வைகாசி. அதற்கு அடுத்து தை.

இதை உங்களுக்குச் சாதகமாக ஆக்கிக்கொள்ளலாம். ஆடியில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வாடகை பேசுவது எளிது. முன்பணம் கொடுத்து, ஒப்பந்தத்தில் "ஆவணி முதல் தேதியிலிருந்து வாடகை" என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். வாயால் மட்டும் பேசிவிட்டு வந்தால் வேறு ஒருவர் அதிக முன்பணத்தோடு வந்து வாங்கிவிடுவார். கொடுத்த தொகைக்கு, தேதி போட்டு, வீட்டின் கதவு எண்ணும் எழுதிய ரசீது கட்டாயம்.

பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் பள்ளி மாற்ற வேண்டுமென்றால் மாசியிலேயே தேட ஆரம்பியுங்கள். தேடல், காகிதம் பார்த்தல், ஒப்பந்தம், சின்னச் சின்ன பழுது எல்லாம் சேர்த்து இரண்டரை மாதம் ஒதுக்கினால் நிதானமாக முடியும்.

2. எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு வரும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று கடந்து, கடைசியில் காவிரிப் பாலம் ஏறி ஊருக்குள் நுழைகிறது. தினம் அலுவலகம் போகிறவருக்கு இந்தப் பாலங்கள்தான் நேரத்தைத் தீர்மானிக்கும். ஒரு பாலத்தில் வேலை நடந்தால்கூட அரை மணிப் பயணம் ஒரு மணி ஆகிவிடும்.

ஊருக்குள், ஐயாறப்பர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் இருந்தால் கடை, மருந்து, பேருந்து எல்லாம் நடை தூரம். ஆனால் கார் நிறுத்த இடம் கிடைப்பது சிரமம். கண்டியூர் பக்கம் தங்கினால் இரண்டு ஆறு கடக்கும் வேலை மிச்சம், தஞ்சாவூர் இன்னும் கிட்டே. தில்லைஸ்தானம், திருப்பழனம் பக்கம் அமைதி, தோட்டத்தோடு வீடு கிடைக்கும், ஆனால் சொந்த வண்டி இல்லாமல் முடியாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஊருக்குள்ளேயே பாருங்கள் என்பது என் அபிப்பிராயம். இரவில் ஒரு மாத்திரை வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டியிருக்கக் கூடாது.

முடிவு செய்வதற்கு முன், ஒரு வேலை நாளில் காலை எட்டு மணிப் பேருந்தில் நீங்களே போய்வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து பார்த்த தூரத்தை நம்ப வேண்டாம்.

3. வீடு தேடும் வழி

இணையத்தில் திருவையாற்று வீடுகள் மிகக் குறைவு. பால்காரர், கோயில் வாசலில் பூ விற்பவர், தேநீர்க் கடை, மளிகைக் கடை, இவர்களுக்குத்தான் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, யார் காலி செய்யப் போகிறார்கள் என்பது தெரியும். தரகர் மூலம் போனால் ஒரு மாத வாடகை கமிஷன் கேட்பது வழக்கம். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் தருவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சில தெருக்களில் வீடு காட்டுவதற்கு முன்பே சாதி கேட்பார்கள், அசைவம் சமைப்பீர்களா என்று கேட்பார்கள். இது தவறு என்றே நினைக்கிறேன், கேட்கும்போது மனம் நோகும். ஆனாலும் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே இது தெரிந்துவிட்டால், அந்த வீட்டுக்காக அலைந்து நாளை வீணாக்காமல் அடுத்ததைப் பார்க்கலாம். இப்படிக் கேட்காத வீட்டுக்காரர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். மனம் தளர வேண்டாம்.

அடுத்தது, உங்களிடம் பேசுபவர் உரிமையாளர்தானா என்பது. பழைய வீடுகள் பலவற்றின் வாரிசுகள் சென்னை, பெங்களூரு, வெளிநாடு என்று பிரிந்திருக்கிறார்கள். சாவி ஒருவரிடம், பத்திரம் ஒருவரிடம், உரிமை நாலு பேரிடம் இருக்கும். ஒரு அண்ணன் வாடகைக்கு விட்டதை இன்னொரு தம்பி வந்து கேள்வி கேட்பது இங்கே சாதாரணமாக நடக்கிறது. எல்லா வாரிசுகளின் சம்மதக் கடிதமோ, வாடகைக்கு விட அதிகாரம் தரும் பவர் பத்திரமோ இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நேர்மையானவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இன்னொரு பொறுப்பு உங்கள் தலையில் விழும். வருமான வரிச் சட்டப்படி, அவருக்குத் தரும் வாடகையில் 30 சதவீத வரியையும், அந்த வரித் தொகையின் மேல் 4 சதவீத செஸ்ஸையும் (கூடுதல் வரி) வாடகைதாரரே பிடித்தம் செய்து அரசுக்குக் கட்ட வேண்டும். வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இது பொருந்தும். அதற்குத் தனியாக டான் எண், அதாவது வரி பிடித்தம் செய்பவருக்கான எண், எடுக்க வேண்டும். உரிமையாளர் குறைந்த விகிதத்துக்கான சான்று வாங்கித் தந்தால் அதன்படி பிடிக்கலாம். ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் ஒரு வரி ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். பின்னால் வந்து நிற்கும் வட்டியும் அபராதமும் உங்களுக்குத்தான்.

4. அடிமனை யாருடையது?

நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

கோயில் ஊர்களில் வீட்டுக் கட்டடம் ஒருவருக்கும், அதன் அடியில் உள்ள மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருப்பதும் உண்டு. அந்த மனைக்குக் கட்டட உரிமையாளர் அடிமனை வாடகை கட்டி வருவார், அல்லது கட்டாமல் விட்டிருப்பார். தெருவில் நின்று பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஐயாறப்பர் கோயில் தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் மற்றக் கோயில்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் நிலங்கள் உண்டு.

வாடகைக்கு மட்டும் வருபவருக்கு இதனால் என்ன என்று தோன்றும். அடிமனை வாடகை நிலுவை பெரிதாகி, நிர்வாகம் வெளியேற்ற நடவடிக்கை எடுத்தால் வீட்டில் குடியிருப்பது நீங்கள். வீட்டுக்காரர் வாங்கிய முன்பணம் அப்போது அவரிடம் இருக்காது. இந்து சமய அறநிலையச் சட்டத்தில் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்குத் தனி நடைமுறையே இருக்கிறது. சாதாரண வீட்டுவாடகை வழக்கு போல அது நகராது.

எப்படிச் சரிபார்ப்பது?

வீட்டின் சர்வே எண்ணை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில், "எங்கிருந்தும் எந்நேரத்திலும்" என்ற சேவையில், மாவட்டம் தஞ்சாவூர், வட்டம் திருவையாறு என்று தேர்ந்து பட்டா, அ-பதிவேடு (ஊரின் நிலங்களைச் சர்வே எண் வாரியாகப் பட்டியலிடும் பதிவேடு) விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டாவில் உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தில் கோயில் பெயரோ தேவஸ்தானம் என்றோ இருந்தால் விஷயம் தெளிவு. நத்தம் மனையாக, அதாவது ஊர்க் குடியிருப்புக்கு என்று வகைப்படுத்திய நிலமாக, இருந்தால் நத்தம் பிரிவில் தேட வேண்டும்.

அப்புறம் வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள். பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் கணக்கு தொடங்கினால், 1975-க்குப் பிறகான பதிவுகளைச் சர்வே எண் கொடுத்து இலவசமாகவே பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம் என்ற இடத்தில் திருவையாறு என்று தேர்வு செய்யுங்கள். கையொப்பமிட்ட சான்று வேண்டுமென்றால்தான் கட்டணம். அதற்கு முந்தைய காலம் தேவைப்பட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் விண்ணப்பிக்க வேண்டும். வில்லங்கத்தில் வங்கி அடமானம், ஒத்தி, பாகப்பிரிவினை எல்லாம் வரும். பாகப்பிரிவினை வந்திருந்தால், உங்களுக்குக் காட்டும் பகுதி யார் பங்கில் விழுந்தது என்று பாருங்கள். நீளமான பழைய வீடுகளில் கூடம் ஒருவருக்கும் கொல்லைப்புறம் இன்னொருவருக்கும் போயிருக்கும். கழிப்பறை அந்தக் கொல்லையில் இருந்தால் பிரச்சினை எங்கே வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மனை கோயிலுடையது என்று தெரிந்தால் உடனே ஓட வேண்டியதில்லை. அடிமனை வாடகை இந்த ஆண்டுவரை கட்டிய ரசீது யார் பெயரில் இருக்கிறது, நிலுவை உண்டா, வழக்கு உண்டா என்று கேளுங்கள். ரசீது ஒழுங்காக இருந்தால் வாடகைக்கு வரலாம். முன்பணத்தை மட்டும் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் எண்ணத்தோடு பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "மனை கோயிலுது, கட்டடம் நம்மளுது, விலை பாதிதான்" என்று ஆசை காட்டுவார்கள். கோயில் மனையைக் கோயில் தவிர யாரும் விற்க முடியாது. அறநிலையத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் பதிவு அலுவலகமும் பதியாது. கட்டடத்தை மட்டும் எழுதி வாங்கினாலும், அடிமனை வாடகையை உங்கள் பெயருக்கு மாற்ற நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக் கடன் கிடைப்பதும் கடினம். முதல் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஊரும் மனிதர்களும் காகிதங்களும் பழகட்டும். வாங்குவதை அதற்குப் பிறகு பேசலாம்.

ஒத்திக்கு வீடு எடுப்பதும் இங்கே உண்டு. பெரிய தொகை கொடுத்து, வாடகையில்லாமல் சில வருடம் குடியிருந்து, போகும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது. வெறும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கில் கொடுக்காதீர்கள். ஒத்தி என்பது அடமானம். அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, அது வில்லங்கத்தில் ஏறினால்தான் உங்கள் பணத்துக்குப் பிடி உண்டு. மனை கோயிலுடையது என்றால் ஒத்தியே வேண்டாம்.

5. பழைய வீட்டைப் பார்க்கும் முறை

வீடு பார்க்கப் போகிற பலரும் திண்ணையையும் முற்றத்தையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். மயங்குவதற்கு உரிய வீடுகள்தான். ஆனால் தலையைத் தூக்கி முதலில் கூரையைப் பாருங்கள்.

ஓட்டு வீடு என்றால் உத்தரத்திலும் கைமரத்திலும் கறையான் மண் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவியால் தட்டினால் உள்ளே கூடாக இருக்கும் மரம் சத்தத்திலேயே தெரியும். சுவரில் மேலிருந்து கீழே இறங்கிய பழுப்புக் கோடுகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுகிய அடையாளம். புதிதாக வெள்ளை அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். ஓடு மாற்றும் ஆட்கள் சித்திரையிலிருந்து ஆடி வரை கிடைப்பார்கள். மழை தொடங்கிய பிறகு யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் நனைந்த ஓட்டில் ஏற மாட்டார்கள். அதனால் ஓடு மாற்றும் செலவு யாருடையது, எந்த மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சுவர் சுண்ணாம்புக் காரையா என்று கேளுங்கள். அதன் மேல் சிமென்ட் பூசியிருந்தால் உள்ளே ஈரம் அடைபட்டு, பூச்சு பொரிந்து கொட்டும். இரு வீட்டுக்கும் நடுவில் ஒரே பொதுச்சுவர் இருக்கிற தெருக்களில் ஆணி அடிப்பதற்கும் அலமாரி பொருத்துவதற்கும் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

மின்கம்பிகள் பழைய மரப்பட்டையில் ஓடினால், குளிர்சாதனமும் தண்ணீர் சூடேற்றியும் போடும் எண்ணத்தை வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி, புதுக் கம்பி இழுக்கும் செலவைப் பேசி முடியுங்கள். எர்த் இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்ப்பது வீண் செலவல்ல. கழிவுநீர் எங்கே போகிறது, செப்டிக் தொட்டி எங்கே, கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்பதும் கேட்க வேண்டியவை. லாரி குழாய் எட்டாத கொல்லையில் தொட்டி இருந்தால் எடுக்கும்போது கூலி கூடும்.

கைபேசியை எடுத்து, வீட்டின் நடு அறையில் நின்று ஒருவருக்குப் பேசிப் பாருங்கள். இரண்டடிச் சுவருக்குள் சிக்னல் செத்துப்போகும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், அந்தத் தெருவரை இணையக் கேபிள் வந்திருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

6. ஒப்பந்தம், முன்பணம், பதிவு

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். எழுதிய 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். இதற்கென அரசின் வாடகைப் பதிவு இணையதளம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் நகல், இருவரின் அடையாளச் சான்று, படம், வீட்டின் விவரம் ஏற்றினால் ஒரு பதிவு எண் வரும். அந்த எண் வந்த காகிதத்தை நாலு பிரதி எடுத்து வையுங்கள். இதையும் சார்பதிவாளர் அலுவலகப் பதிவையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைதான் சார்பதிவாளரிடம் கட்டாயமாகப் பதிய வேண்டியது. பதினோரு மாதம் என்று எல்லோரும் எழுதுவது அதனால்தான்.

முன்பணம்: வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது சட்டம். "வேறு விதமாக" என்ற இந்த வாசலை வைத்துத்தான் பத்து மாதம் கேட்பார்கள். மூன்றில் ஆரம்பித்துப் பேசுங்கள். வீட்டைக் காலி செய்து ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதே வாசகத்தை ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

முத்திரைத் தீர்வை: முப்பது ஆண்டுக்குக் குறைந்த வாடகைக்கு, மொத்த வாடகையும் முன்பணமும் சேர்ந்த தொகையில் 1 சதவீதம். மாதம் 8,000 ரூபாய் வீதம் 11 மாதத்துக்கு 88,000, முன்பணம் 24,000, ஆக 1,12,000 என்று வைத்துக்கொண்டால் தீர்வை 1,120 ரூபாய். இருபது ரூபாய்த் தாளில் எழுதித் தருகிறேன் என்று எழுத்தர் சொன்னால், அந்தக் காகிதம் சிக்கல் வரும் நாளில் உதவாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒப்பந்தத்தில் பொதுவாக விட்டுப்போகும் சில வரிகளை எழுதிச் சேருங்கள். அடிமனை வாடகையும் வீட்டு வரியும் உரிமையாளர் பொறுப்பு. கிணற்றையும் கொல்லையையும் பயன்படுத்தும் உரிமை யாருக்கு. பூட்டிய அறையில் வீட்டுக்காரர் வைத்திருக்கும் சாமான்களுக்கு நீங்கள் பொறுப்பல்ல. திருவிழாவுக்கு வீட்டுக்காரர் குடும்பம் வந்து தங்குமா, தங்கினால் எந்த அறை, எத்தனை நாள். கடைசி வரி அற்பமாகத் தெரியும். எழுதாமல் விட்ட வீடுகளில் ஒவ்வொரு தியாகராஜ ஆராதனை இசைவிழாவுக்கும் மனக்கசப்பு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கோயிலோ மடமோ நேரடியாக வாடகைக்கு விடும் கட்டடம் என்றால் நடைமுறை வேறு. வாடகையும் காலமும் நிர்வாகத்தின் விதிப்படி. ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தராதீர்கள்.

7. மின்சாரம், தண்ணீர், கேஸ்

மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே பெரிய வீட்டை முன்கட்டு, பின்கட்டு என்று பிரித்து விட்டிருந்தால், இரண்டுக்கும் ஒரே இணைப்பு இருந்து, உள்ளே தனி மீட்டர் வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். அப்போது இருவரின் பயன்பாடும் சேர்ந்து மேல் படிநிலைக்குப் போய், யூனிட் விலை கூடிவிடும். உங்கள் பகுதிக்குத் தனி இணைப்பு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். எண் கிடைத்தால், பாக்கி இருக்கிறதா என்பதை மின்வாரிய இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

தண்ணீருக்கு இந்த ஊரின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கிணறும் ஆழ்துளைக் கிணறும் நிறைவாக இருக்கும். பங்குனி முதல் வைகாசி வரை மட்டம் இறங்கும். கார்த்திகையில் வீடு பார்த்துவிட்டுத் தண்ணீர் பிரமாதம் என்று முடிவு செய்யாதீர்கள். சித்திரையில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும், போன வருடம் குழாய் இறக்கினார்களா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். படித்துறைக்கு ஒட்டிய தாழ்வான வீடுகளில், ஆறு நிறைந்து போகும்போது தண்ணீர் எதுவரை வந்தது என்பதையும் அவர்களிடமே கேட்கலாம்.

கேஸ் இணைப்பை வேறு ஊரிலிருந்து மாற்றுபவர்கள், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய முகவரிடம் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, மாற்றுச் சீட்டு வாங்கி வர வேண்டும். இங்கே அந்தச் சீட்டைக் கொடுத்து, இன்றைய விகிதத்தில் வைப்புத்தொகை கட்டினால் அதே இணைப்பு தொடரும். சிலிண்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள்.

8. முகவரி மாற்றம்: எது முதலில்

வரிசை தவறினால் ஒவ்வொரு அலுவலகமும் மற்றதைக் கேட்டுத் திருப்பி அனுப்பும். வாடகை ஒப்பந்தம் கையில் வந்ததும் கேஸ் இணைப்பை மாற்றுங்கள். அதற்கு ஒப்பந்தமே முகவரிச் சான்று. உங்கள் பெயரில் புது முகவரியோடு வரும் கேஸ் ரசீதை, மூன்று மாதத்துக்குள், ஆதாருக்குச் சான்றாகப் பயன்படுத்தலாம். ஆதாரை இணையத்திலேயே மாற்றலாம், கட்டணம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். குடும்பத்தில் ஒருவருக்கு மாறிவிட்டால், மற்றவர்களுக்கு அவருடைய ஒப்புதலின் பேரில் மாற்றும் வசதி உண்டு. மனைவி, பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சான்று தேட வேண்டாம்.

ஆதார் மாறிய பிறகு குடும்ப அட்டை. பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்து, எண்ணைக் குறித்து வைத்து, இழுத்தால் திருவையாறு வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். அது முடிந்ததும் வாக்காளர் பட்டியல். குடிபெயர்ந்தவர்களுக்குப் படிவம் 8. படிவம் 6 புதிதாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு, அதைப் போட்டால் இரண்டு இடத்தில் பெயர் வந்து குழப்பமாகும். திருவையாறும் தஞ்சாவூரும் வேறு வேறு சட்டமன்றத் தொகுதிகள். தஞ்சாவூரிலிருந்து மாறி வந்தாலும் மாற்ற வேண்டியதுதான். வண்டியின் பதிவுச் சான்றில் புது முகவரியை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

9. பேருந்தும் மருத்துவமனையும்

திருவையாற்றுப் பேருந்துகள் தஞ்சாவூரில் பெரும்பாலும் பழைய பேருந்து நிலையத்துக்குத்தான் போகும். திருச்சி போன்ற வெளியூர்களுக்குப் புதிய பேருந்து நிலையம் போக வேண்டும், அது ஊரின் மறுபக்கம். பழைய நிலையத்திலிருந்து ரயில் நிலையம் கிட்டே. சென்னைக்கு இரவு ரயில் பிடிக்க, உழவன் எக்ஸ்பிரஸ் போன்றவற்றுக்கு, ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் திருவையாற்றை விட்டுக் கிளம்புங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, தினம் போய்வரும் பெண்களுக்கு இது மாதச் செலவில் பெரிய மிச்சம். கடைசிப் பேருந்து நேரத்தை நடத்துநரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

திருவையாற்றில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய விஷயத்துக்குத் தஞ்சாவூர்தான். அங்கே எந்த மருத்துவமனை என்பதில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பிரசவம், குழந்தைகள் என்றால் நகரத்துக்குள் இருக்கும் ராசா மிராசுதார் மருத்துவமனை. விபத்து, நெஞ்சுவலி என்றால் வல்லம் சாலையில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டும் வேறு வேறு திசை. அவசரத்தில் 108 வண்டிக்காரருக்குத் தெரியும், ஆனால் சொந்த வண்டியில் போகிறவர்கள் ஒருமுறை பகலிலேயே வழியைப் பார்த்து வைக்க வேண்டும்.

10. ஊர் நிறையும் நாட்கள்

தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியன்று முடியும், பெரும்பாலும் ஜனவரியில். அதற்கு முன் நாலைந்து நாளாகவே ஊர் நிறைந்துவிடும். சித்திரையில் ஏழூர்த் திருவிழா. ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஆடிப்பெருக்கு நாட்களில் புஷ்ய மண்டபப் படித்துறைக்கு விடியற்காலையிலிருந்தே கூட்டம். இந்த நாட்களில் பாலத்தில் வாகனத்தைத் திருப்பிவிடுவார்கள். சாமான் லாரியை இந்தத் தேதிகளில் வைக்காதீர்கள். அலுவலகத்தில் முக்கியமான கூட்டம் இருந்தால் முந்தைய இரவே தஞ்சாவூரில் தங்கிவிடுங்கள், அல்லது விடுப்பு எடுத்து ஆராதனையைக் கேளுங்கள். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

தேர் ஓடும் வீதியில் வீடு என்றால், வாசலில் நிற்கும் காரை முந்தைய நாள் மாலையே எடுத்துவிட வேண்டும். எங்கே நிறுத்தலாம் என்று தெருக்காரர்களிடம் குடிவந்த வாரத்திலேயே கேட்டு வையுங்கள். அந்த நாட்களில் உறவினர்கள் வருவதாக இருந்தால் ஊருக்குள் விடுதி அறை கிடைக்காது. தஞ்சாவூரில் ஒரு மாதம் முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள்.